குடிசன மதிப்பேடுகளும் டிக்கோயாத் தோட்ட மக்களும்

ஒரு சமுதாயத்தின் நிலையை ஆராயப் புகும் மாணாக்கனுக்குச் சான்றுகள் இருவகைப்படும். அவன் தானே சென்று கண்டுங் கேட்டும் அறிவன ஒருவகை. அவனுக்கு முன்னரே பிறர் எண்ணி எழுதி வைத்தன மற்றொரு வகை. பட்டப் படிப்புக்கெனச் சில திங்களுள் ஆய்வுரை எழுத வேண்டியவன் பெரும்பாலும் இரண்டாவதையே சார்ந்து நிற்கின்றான். அரசாங்கம் பெரும் பொருள் செலவிட்டு, ஆயிரக்கணக்கான அலுவலரை ஏவி, நாடு முழுவதும் எடுத்த கணக்கினைத் தனியொருவன் எடுத்தல் இயலாது. ஆதலின் அக்கணக்குகளைத் தேடிக் கண்டு பயன்கொள்ளுதல் சமூகவியற் பயிற்சியின் இன்றியமையாத உறுப்பாகும். எனினும், ஒரு கணக்கு எதன்பொருட்டு எடுக்கப்பட்டது, எவரை எப்பெயரால் எண்ணிற்று, எவ்வெல்லைக்குள் எண்ணிற்று என்னும் மூன்றையும் வினவாது எண்ணை மட்டும் எடுத்தாள்வோன் பெரிதும் பிழைபடுவான். இவ்வுண்மையை விளக்குதற்கு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற எடுத்துக்காட்டு வேறு அரிது. டிக்கோயாவை நடுவாகக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிக்கோயா, அட்டன் நகரை அடுத்து, காசல்றீ நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குள்ள காடுகள் காப்பிப் பயிருக்கென அழிக்கப்பட்டன. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் காப்பியை மெல்ல மெல்ல வீழ்த்தியது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1884இல் புகையிரதப் பாதை அட்டனை அடைந்தது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். பருவந்தோறும் வந்து திரும்பிய தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடும்பத்துடன் லயங்களில் நிலைத்து வாழத் தலைப்பட்டமைக்கு இம்மாற்றம் பெருங்காரணமாயிற்று. அவர்களைப் பற்றிய கணக்குகளின் இயல்பும் இதனோடு மாறியது.

முதலில் எழுந்த கணக்கு, வந்தோர் எத்தனை, திரும்பினோர் எத்தனை என்பதாகும். தோட்டத்துரைமாருக்கு ஆள் போதுமா என்பதே அன்றைய வினா. வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோர் தொகையைக் கழித்து, எஞ்சியவருட் பெரும்பகுதியினர் வழியிலும் தோட்டத்திலும் மாண்டனர் எனக் கணித்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இருந்தனர். வடகடல் வழியிலும் காட்டுப் பாதையிலும் சாவு மலிந்திருந்தது மெய்யே. ஆயினும் திரும்பிச் சென்றோருட் பலர் பதிவின்றிச் சென்றிருக்கலாம். ஒருவரே பலமுறை வந்தும் இருக்கலாம். ஆகவே கழித்துப் பெற்ற எண் இறந்தோரின் எண்ணன்று. வரலாற்றாசிரியர் இதுபற்றி நெடுங்காலம் வாதிட்டனர். பதிவேட்டில் இல்லாதது நிகழவே இல்லை எனக் கொள்வதும், பதிவேட்டின் இடைவெளியை ஒரே காரணத்தால் நிரப்புவதும் ஒத்த பிழைகளே.

இலங்கை முழுவதற்கும் முறையான குடிசன மதிப்பு முதன்முதல் 1871இல் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு தீவின் மக்கள் சுமார் 24 இலட்சம் பேர். பின்னர்ப் பத்தாண்டுக்கொருமுறை கணக்கெடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. 1901ஆம் ஆண்டின் மதிப்பைத் தலைமை தாங்கி நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவ்வறிக்கை எண்களோடு நில்லாது, நாட்டின் வரலாறு, சமயம், மொழி, வழக்கம் ஆகியவற்றையும் எடுத்துரைப்பதால் இன்றும் பயில்தற்குரியது. 1931இல் பொருளாதார மந்தத்தினால் மதிப்புச் சுருங்கிய அளவிலேயே நடைபெற்றது. 1941இல் நடைபெற வேண்டியது போரினால் 1946க்குத் தள்ளிற்று. அதன்பின் 1953, 1963, 1971, 1981 ஆகிய ஆண்டுகளில் மதிப்புகள் நிகழ்ந்தன. 1991இல் உள்நாட்டுப் போர் தடுத்தது. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. 2012இல் மீண்டும் நாடு முழுவதும் எண்ணப்பட்டது. அடுத்த மதிப்பு 2024இல் நிகழ்ந்தது. இவ்விடைவெளிகளை அறியாது பத்தாண்டு வளர்ச்சி வீதம் கணிப்போன் முதலடியிலேயே தடுமாறுவான்.

தோட்ட மக்களைப் பொறுத்தவரை 1911ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அதுவரை தமிழர் என்னும் ஒரே பெயரின்கீழ் எண்ணப்பட்டோரை, டெனம் என்பவரின் மேற்பார்வையில் நடந்த அவ்வாண்டு மதிப்பு, இலங்கைத் தமிழர் எனவும் இந்தியத் தமிழர் எனவும் பிரித்தது. இலங்கைத் தமிழர் 528,024 பேர். இந்தியத் தமிழர் 530,983 பேர். இரு பகுதியும் ஏறத்தாழச் சமமாயிருந்தன. பின்னர் இந்தியத் தமிழரின் தொகை 1921இல் 602,735 ஆகவும், 1946இல் 780,589 ஆகவும், 1953இல் 974,098 ஆகவும், 1963இல் 1,122,961 ஆகவும், 1971இல் 1,174,606 ஆகவும் உயர்ந்தது. 1981இலோ அது 818,656 ஆகக் குறைந்தது. நாட்டின் மக்கள் தொகையில் நூற்றுக்கு 9.3 ஆக இருந்த பங்கு பத்தே ஆண்டில் 5.5 ஆயிற்று. மூன்றரை இலட்சம் பேர் எங்கே சென்றனர்?

இவ்வினாவுக்கு விடை ஓரிடத்தில் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் 1974ஆம் ஆண்டின் சிறிமா–இந்திரா ஒப்பந்தமும் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பின. தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியமர்ந்தோர் அவர்கள். இஃது ஒரு விடை. மற்றொரு விடை பெயரில் அடங்கியுள்ளது. இனத்தைக் கூறுவோர் எண்ணப்படுவோரே. இலங்கைக் குடியுரிமை பெற்றோரும், 1977ஆம் ஆண்டின் வன்செயலைக் கண்டு அஞ்சினோரும், இந்தியர் என்ற சொல் தம்மை அந்நியராக்குகின்றது என உணர்ந்தோரும் தம்மை இலங்கைத் தமிழரெனவே எழுதுவித்தனர். இதற்கு நுவரெலியா மாவட்டமே சான்று. அங்கு 1981இல் இலங்கைத் தமிழர் நூற்றுக்குச் சுமார் 13 பேர்; 2012இல் 5க்குங் குறைவு. அவ்வளவு பேர் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து குடியேறிப் பின்னர் நீங்கினர் எனக் கொள்ள இடமில்லை. லயத்து மக்களில் ஒரு பகுதியினர் ஒருமுறை ஒரு பெயரையும் மறுமுறை மற்றொரு பெயரையும் கூறினர் என்பதே பொருந்தும்.

இம்மாவட்டக் கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1971இல் கண்டி மாவட்டத்தின் மக்கள் சுமார் 11 இலட்சத்து 88 ஆயிரம் பேர். 1981இல் 10 இலட்சத்து 48 ஆயிரம் பேர். அதே பத்தாண்டில் நுவரெலியா 4 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 6 இலட்சத்து 3 ஆயிரமாகப் பெருகியது. கண்டியர் குறைந்ததோ நுவரெலியாவில் மக்கள் பெருவாரியாகக் குடியேறியதோ இதற்குக் காரணமன்று. இவ்விரு மதிப்புகளுக்கும் இடையில் அம்பகமுவைப் பகுதி கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மாற்றப்பட்டது. டிக்கோயாவும் அப்பகுதியைச் சேர்ந்தது. ஆகவே டிக்கோயாவின் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகும் மாணாக்கன் பழைய ஏடுகளைக் கண்டி மாவட்டத்தின்கீழும் புதிய ஏடுகளை நுவரெலியா மாவட்டத்தின்கீழும் தேடுதல் வேண்டும். நகர மக்களின் அட்டவணையில் அட்டன்–டிக்கோயா நகர சபை எனக் காணப்படுவது கடைத்தெருவும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளுமேயாம். சுற்றியுள்ள தோட்டங்களின் மக்கள் வேறு அட்டவணையில் உள்ளனர்.

எண்ணுவோரின் நோக்கம் எண்ணப்படுவோரின் வாழ்வை எவ்வளவு தூரம் மாற்றவல்லது என்பதை 1948ஐத் தொடர்ந்த ஆண்டுகள் காட்டின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டப்படி, மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது 1946க்கு முன்னர் இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர். இங்கு ஒரு முரண்பாடு நோக்கத்தக்கது. நாடோறும் விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடப்பட்டு, கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் முழுப்பேரோ அரைப்பேரோ பதியப்பட்டவன் தோட்டத் தொழிலாளி. அவனளவுக்கு நாள்தவறாது எண்ணப்பட்டவர் தீவில் வேறு எவரும் இருந்திலர் எனலாம். ஆயினும் அவன் இந்நாட்டவன் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டபோது, தோட்டம் மாறியவனிடமும் பிறப்புப் பதியப்படாதவனிடமும் காட்டுதற்கு ஏடில்லை. உழைப்பை அளக்க எழுந்த கணக்கு உரிமையை நிறுவ உதவவில்லை.

வாக்குரிமை சென்ற பின்னரும் எண்ணிக்கை மட்டும் எஞ்சி நின்றது. சோல்பரி யாப்பின்படி மாகாணங்களுக்குப் பாராளுமன்ற ஆசனங்கள் மக்கள் தொகையில் 75,000 பேருக்கு ஒன்றாகவும், நிலப்பரப்பின்படி மேலும் சிலவாகவும் வகுக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயத்தில் குடியுரிமையற்றோரும் அம்மக்கள் தொகையிற் சேர்த்தே எண்ணப்பட்டனர். அவ்வாறு மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனங்களுக்கு வாக்களிக்க அவர்களுட் பெரும்பாலாருக்கு உரிமை இல்லை. பாராளுமன்றப் பிரதிநிதித்துவத்தை ஆராயும் மாணாக்கன் குடிசன மதிப்பேட்டையும் வாக்காளர் இடாப்பையும் அருகருகே வைத்து நோக்கினாலன்றி இதனை அறியான்.

இரு ஏடுகள் ஒரே மக்களைப் பற்றி இரு எண் கூறுவது எப்போதும் பிழையாகாது. 1963ஆம் ஆண்டின் மதிப்பு இந்தியத் தமிழரை 11 இலட்சத்துக்கு மேல் என்றது. அடுத்த ஆண்டின் ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றிப் பேசியது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்த் தீர்ப்பதெனவும் முடிவாயிற்று. முதலாவது கணக்கு இனத்தைப் பற்றியது. இரண்டாவது நாடற்ற நிலையைப் பற்றியது. முன்னரே இலங்கைக் குடிகளாய்ப் பதியப்பட்டோரும் இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் இரண்டாவதில் அடங்கார். வேறுபட்ட வினாக்களுக்கு வேறுபட்ட விடை வருதல் இயல்பே.

குடிசன மதிப்பு எத்தனை பேர் என்று சொல்லும். எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அது சிறிதளவே சொல்லும். அக்குறையை நிரப்பவே மாதிரி அளவீடுகள் எழுந்தன. இலங்கை மத்திய வங்கி 1953இல் நுகர்வோர் நிதி அளவீட்டைத் தொடங்கி, 1963, 1973 என 2003–04 வரை பலமுறை நடத்தியது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 1969–70இல் சமூக பொருளாதார அளவீட்டையும், பின்னர் வீட்டு வருமான செலவின அளவீடுகளையும், 1990 முதல் தொழிற்படை அளவீடுகளையும் நடத்தி வந்துள்ளது. குடித்தொகை, சுகாதார அளவீடுகள் 1987, 1993, 2000, 2006–07, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தன. இவற்றுள் 1987, 1993 ஆம் ஆண்டு அளவீடுகள் போரினால் வடக்கையும் கிழக்கையும் விட்டுச் சென்றன. அவற்றிற் காணப்படும் தேசிய சராசரி யாழ்ப்பாணத்தை உள்ளடக்காத சராசரி. தோட்ட மாணாக்கனுக்கு இவ்வேடுகளின் பெருஞ்சிறப்பு, நகரம், கிராமம், தோட்டம் எனத் துறை பிரித்துக் கூறுவதாம்.

ஆயினும் தோட்டத்துறை என்பதும் மலையகத் தமிழர் என்பதும் ஒன்றல்ல. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அதில் வதியும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாத தொகையும் உடைய பெருந்தோட்டமே இக்கணக்குகளிற் தோட்டம் எனப்படும். அதன் எல்லைக்குள் வாழும் சிங்களத் தொழிலாளரும் தோட்டத்துறையினரே. அட்டனிற் கடை வைத்திருப்போரும், கொழும்பிற் பணிபுரிவோரும், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியோரும் மலையகத் தமிழராயினும் தோட்டத்துறையில் அடங்கார். தோட்டத்தை விட்டு வெளியேறி முன்னேறியோர் கணக்கிலிருந்து நீங்கிவிடுவராதலின், தோட்டத்துறை எண்களை மட்டும் கண்டு ஒரு சமுதாயம் முன்னேறவில்லை எனத் துணிதல் தகாது.

அளவுகோல் மாறுவதால் விளையும் மயக்கத்துக்கு வறுமைக் கணக்கினைக் காட்டலாம். 2016ஆம் ஆண்டின் அளவீடு தோட்டத்துறையில் நூற்றுக்கு 8.8 பேர் வறியோர் என்றது. 2019ஆம் ஆண்டின் அளவீடு நூற்றுக்கு 33.8 பேர் என்றது. மூன்றாண்டில் வறுமை நான்கு மடங்காயிற்று என எழுதும் மாணாக்கன், ஏட்டின் முன்னுரையைப் படியாதவன். முதலாவது கணக்கு 2002ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட வறுமைக் கோட்டினால் அளந்தது; இரண்டாவது 2012–13ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டினால் அளந்தது. ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாவாயிருந்த எல்லை 6,966 ரூபாவாயிற்று. ஒரே ஆண்டின் எண்களைத் தமக்குள் ஒப்பிடுதல் பிழையன்று. 2016இல் நாட்டின் சராசரி 4.1, தோட்டத்தின் வீதம் 8.8, 2019இல் நாட்டின் சராசரி 14.3, தோட்டத்தின் வீதம் 33.8. கோடு எங்கு கிழிக்கப்படினும் தோட்டம் சராசரியின் இருமடங்குக்கு மேல் நிற்கின்றது. உறுதியான முடிபு அதுவேயாம். 2016ஆம் ஆண்டின் சுகாதார அளவீட்டில், வயதுக்கேற்ற உயரம் பெறாத சிறு குழந்தைகள் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 17 ஆகவும் தோட்டத்திற் சுமார் 32 ஆகவும் இருந்தமை இம்முடிபுக்கு வேறொரு திசையிலிருந்து வரும் சான்று.

மாதிரி அளவீட்டின் எல்லையையும் மறத்தலாகாது. 2016ஆம் ஆண்டின் வருமான அளவீட்டுக்கென நாடு முழுவதும் தெரியப்பட்ட வீடுகள் 25,000. அதனால் மாவட்டத்துக்கும் துறைக்கும் எண் கூறலாம். டிக்கோயாவுக்கென எண் கூறல் இயலாது. தோட்டத்துறையின் சராசரியை எடுத்து ஒரு தோட்டத்தின் மேல் ஏற்றுவது, ஒரு பானைச் சோற்றின் பதத்தை அடுத்த வீட்டுப் பானைக்குங் கூறுவது போலாகும். குடிசன மதிப்போ கிராம அலுவலர் பிரிவு வரை எண் தரும். ஆனால் வருமானத்தைச் சொல்லாது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கப் பழகுதல் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுகளில் நிகழ்ந்த இடமும் வதிவிடமும் வேறாகலாம். டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. சுற்றுப்புறத் தோட்டங்களின் தாய்மார் அங்கு சென்று மகவீன்றால், நிகழ்ந்த இடத்தைக் கொண்டு எடுக்கும் கணக்கில் டிக்கோயாவின் பிறப்பு வீதம் உயர்ந்தும் அத்தோட்டங்களின் வீதம் தாழ்ந்துங் காணப்படும்.

இவ்வேடுகள் எங்கே கிடைக்கும்? பழைய குடிசன மதிப்பு அறிக்கைகளைக் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலும் காணலாம். பிற்கால அட்டவணைகளைப் பத்தரமுல்லையிலுள்ள தொகைமதிப்புத் திணைக்களம் இணையத்தில் வெளியிட்டுள்ளது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட அளவீட்டுத் தரவுகளை ஆய்வாளர் விண்ணப்பித்துப் பெறும் வழியுமுண்டு. பேர்குசன் குடும்பத்தார் வெளியிட்டு வந்த இலங்கை விவரக்கொத்து, டிக்கோயாவின் தோட்டங்களைப் பெயர் பெயராக, உடையாரும் ஏக்கர் அளவும் கூறித் தருகின்றது. 1923இல் ஏற்பட்ட இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் நிருவாகத்தின் ஆண்டறிக்கைகளும், கண்டியிலிருந்த இந்திய அரசாங்க முகவரின் ஆண்டறிக்கைகளும் ஒரே தோட்ட வாழ்வை இரு கோணத்தில் நோக்குவன. அமர்வுத்தாள்களுள் 1938ஆம் ஆண்டின் ஜக்சன் குடிவரவு அறிக்கையும் 1951ஆம் ஆண்டின் கண்டியக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கையும் சேர்த்துப் படிக்கத்தக்கன. எண்களை ஒருங்கு திரட்டித் தரும் நூல்களில் 1957இல் வெளிவந்த சர்க்காரின் இலங்கைக் குடித்தொகை நூலும், 1982இல் வெளிவந்த பற்றிக் பீபிள்சின் வரலாற்றுப் புள்ளிவிபரக் கைந்நூலும் துணைபுரியும்.

இவற்றை நாடுவதனால் விளையும் பயன் ஆய்வுரையோடு முடிவதன்று. பல்கலைக்கழக அனுமதியின் பெரும்பகுதி மாவட்டங்களின் மக்கள் தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றது. நுவரெலியா கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றெனக் கொள்ளப்பட்டு மேலதிக இடமும் பெறுகின்றது. ஆனால் மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்களுள் லயத்துப் பிள்ளைகள் பெற்றன எத்தனை என்பதை மாவட்டக் கணக்குக் காட்டாது. அதைக் காட்டுதற்குப் பாடசாலை வாரியாக எண்ணும் மாணாக்கன் ஒருவன் வேண்டும்.

வேறொரு வினாவும் அவனுக்காகக் காத்துக் கிடக்கின்றது. 2012இல் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 840,000 பேர், நூற்றுக்கு 4.1. 2024ஆம் ஆண்டின் மதிப்பில் அவர்களின் பங்கு நூற்றுக்கு 3க்குங் குறைந்தது. இலங்கைத் தமிழரின் பங்கோ உயர்ந்தது. இம்முறை ஒப்பந்தமுமில்லை, தலைமன்னார்க் கப்பலுமில்லை. வெளிநாடு சென்றோர் எத்தனை, பெயரை மாற்றிக் கூறியோர் எத்தனை, கூறியதற்குக் காரணம் யாது என்பதை அலுவலகத்து அட்டவணை எதுவும் தெரிவியாது. டிக்கோயாவில் ஒரு தோட்டத்தை எடுத்து, ஒரு லயத்தின் பத்துக் கதவுகளைத் தட்டி, பாட்டியார் 1971இல் என்ன கூறினார், பேரன் 2024இல் என்ன கூறினான் எனப் பொறுமையோடு கேட்டெழுதும் மாணாக்கனே அதனைத் தெரிவித்தல் கூடும். தேசியக் கணக்கு அவனுக்கு வினாவைத் தருகின்றது. விடைக்கு அவன் மலையேற வேண்டும். நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் தேவைக்கென எண்ணப்பட்டு வந்த மக்கள், தம் பிள்ளைகளாலேயே தம் தேவைக்கென எண்ணப்படுங் காலம் வருமாயின், அந்நாளில் அவ்வேடுகளின் பழைய குறைகளுட் பல நீங்கும்.